டாக்டரம்மாவின் கடைவாய்ப் பல்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன டைரி. அட்டையில் ஒரு பல் கண்ணை உருட்டிச் சிரிக்கிறது. அந்தப் பல்லின் வாய்க்குள் வேறு குட்டிக் குட்டிப் பற்கள். வரைந்தவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. இதுவரை சும்மா கிடந்தது. வருகிறவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் இனி இதில் கொட்டலாம் என்று எடுத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். உடுமலைப்பேட்டை தளி ரோட்டில் உள்ள குழந்தைவேலு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். டாக்டரின் மனைவி, வசந்தாமணி. ஊருக்கு டாக்டரம்மா. போலீஸ்காரர் மனைவி போலீஸம்மா ஆவதில்லை, டாக்டர் மனைவி மட்டும் எப்படியோ டாக்டரம்மா ஆகிவிடுகிறாள்.

இன்று காலை முதல் ஆள் ஒரு புது மாப்பிள்ளை.

“டாக்டரம்மா, பல்லு பளிச்சுனு வெள்ளையா வேணுமுங்க.”

“கல்யாணம் எப்பங்க?”

“நாளானிக்குங்க.”

மண்டபம் போன வருசமே பிடித்தாயிற்று. சமையல்காரர் பிடித்தாயிற்று. ஆகாயத்திலிருந்து படம் எடுக்கிறவனைக்கூடப் பிடித்தாயிற்று. வாயில் பல் இருப்பது மட்டும் நேற்றுத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ராத்திரி பல் விளக்குவீங்களா என்று கேட்டேன். “அதான் காலைல விளக்கறமில்லீங்க?” என்றான். பரோட்டாவை ராத்திரி முழுக்கப் பல்லிடுக்கில் ஊற வைத்துவிட்டு, காலையில் நாலு இழுப்பு இழுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஜனம் இது. உள்ளே அனுப்பினேன். கறையைச் சுத்தம் செய்து, ஈறு வீங்கியிருப்பதைக் காட்டி, கல்யாணம் முடிந்ததும் வரச்சொல்லி அனுப்பினார் இவர். வரமாட்டான். மணமேடைப் படம் நன்றாக விழுந்துவிட்டால் அதன்பிறகு பல் எதற்கு?

புது டீ தம்ளர்கள் சரியில்லை. விளிம்பு அகலம். இவர் சட்டையில் இன்றும் டீ.

எனக்கும் கீழ்க் கடைவாயில் லேசான குறுகுறுப்பு. ஐப்பசியில் இவர் செதுக்கி, மேலே உறை மாதிரிக் கேப் போட்ட பல். ஒன்றுமிருக்காது.

மார்ச் 6, வியாழன்

வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமரா வந்திருக்கிறது. பேனா மாதிரி இருக்கிறது. பல் சுவரில் உள்ள டிவியில் தெரிகிறது. இது வந்ததிலிருந்து ஆட்களின் வேடிக்கை தாங்கவில்லை. தங்கள் வீட்டுச் சாக்கடையை டிவியில் பார்த்த மாதிரி, “இது என்ர வாயுங்களா?” என்று அலறுகிறார்கள். பின்னே என் வாயா?

ஒரு ஆசிரியை வந்திருந்தார். கீழ்ப்பல்லுக்குப் பின்புறம் முழுக்கக் காரை பிடித்துக் கல்லாகியிருக்கிறது. சுத்தம் செய்யச் சொன்னால், “சுத்தம் பண்ணுனா பல்லு ஆடிப்போயிருமாமுங்க” என்கிறார். காரையில்தான் பல் நிற்கிறது என்றால் அது பல்லா, காம்பவுண்டுச் சுவரா? நான் கேட்கவில்லை. தஸ்லீமா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரைதான் ஈற்றைக் கீழே தள்ளி எலும்பைக் கரைக்கிறது, அதை எடுத்தால்தான் பல் நிற்கும் என்று.

தஸ்லீமா எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர். பொறுமை அதிகம். பொறுமைசாலிகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். என்னதான் நினைக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

அரிசி மண்டி தங்கமுத்து மகா அலட்டல் பேர்வழி. ஒரு சொத்தையை அடைக்க வந்தார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் “ஐயோ” என்று ஒரு சத்தம். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாக்கோரத்தில் சின்னக் கீறல்.

“ஆட்டுனீங்களா தலைய?” என்று கேட்டேன்.

“நான் அசையவே இல்லீங்க டாக்டரம்மா.”

“மெஷின் ஓடறப்ப எல்லாருமே இப்படித்தான் சொல்றாங்க. வலிக்கும்னு நெனச்சு நாக்கக் கொண்டுபோய் நீட்டறது, அப்பறம் டாக்டரச் சொல்றது.”

“இல்லீங்க. டாக்டரு கையி…”

“உப்புத்தண்ணில கொப்புளிங்க. காரம் வேண்டாம். ரெண்டு நாள்ல ஆறிரும்.”

அவர் பாதியில் விட்ட பேச்சை நான் முடிக்க விடவில்லை. முடிக்க என்ன இருக்கிறது? ஆட்டினது அவர் தலை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். கதவு சாத்தியிருந்தது, நான் பார்க்கவில்லை, இருந்தாலும் தெரியும்.

இவர் மத்தியானம் சோறு சாப்பிடவில்லை. கேட்டதற்கு, “பசிக்கல மணி” என்றார். ரசத்தை மட்டும் கரண்டியால் எடுக்காமல் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். நாகரிகம் எல்லாம் போய்விட்டது இந்த வீட்டில்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமைக் கூட்டம். பல்லுக்கு என்று ஒரு நாள் ஒதுக்கியிருப்பதுபோல எல்லாரும் சனிக்கிழமை வருகிறார்கள். ஒருவர் கரித்தூள் பேஸ்ட்டுடன் வந்தார். யூடியூப்பில் பார்த்தாராம். தேய்த்துத் தேய்த்துப் பல்லின் மேல்தோல் போய் மஞ்சள் தெரிகிறது. இரும்புச் சட்டியைத் தேய்க்கிறவன்கூட இவ்வளவு பலம் கொடுக்க மாட்டான். இன்னொருவர் பத்து வருசமாகச் சர்க்கரை இருந்தும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்னங்க சம்பந்தம் என்கிறார். ஈற்றில் சீழ் வந்து, பல் ஒவ்வொன்றாக ஆடி, மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்காமல் நிற்பதுதான் சம்பந்தம்.

டோக்கனில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். மெஷின் வைக்க வேண்டியவர்களைத் தஸ்லீமாவிடமும், பார்த்துச் சொல்ல வேண்டியவர்களை இவரிடமும் அனுப்புகிறேன். சின்னப் பெண் வேலை கற்றுக்கொள்ள வேண்டாமா? இவருக்கும் ஓய்வு வேண்டும். “டாக்டர் போன்ல இருக்காருங்க, அந்தம்மாவும் அதே படிப்புத்தாங்க” என்று சொன்னால் ஆட்கள் முனகிக்கொண்டே போய் உட்காருகிறார்கள்.

இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் எனக்கு மெஷின் வேலையே வருவதில்லை என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

பல் விண்விண் என்று தெறிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காதுவரை போகிறது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிராம்போடு வருகிற ஆட்களை எத்தனை ஏளனம் செய்திருப்பேன்! “கிராம்பு கொழம்புக்கு நல்லதுங்க, சொத்தைக்கு இல்ல” என்று. இன்று மேசைக்கடியில் குனிந்து கிராம்பைத் துப்பும்போது எதிரே இருந்த கிழவர் பார்த்துச் சிரித்தார். அவர் வாயில் மூன்று பல். சிரிப்பு மட்டும் முழுசாக.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே சேரில் உட்காரவைத்து மெஷினை எடுத்துவிடுவார். கல்யாணமானதிலிருந்து என் பல்லை வேறு யாரும் தொட்டதில்லை. “என்ர பொண்டாட்டி வாய்க்குள்ள இன்னொருத்தன் கைய விடறதா?” என்று பல் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது ஒரு நகைச்சுவை என்று அவருக்கு நினைப்பு.

இவருக்கு இப்போது நேரமில்லை. அதுதான் காரணம்.

மார்ச் 24, திங்கள்

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் தஸ்லீமா மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“சம்பளமா?”

“இல்ல மேடம். எல்லா டிரில்லிங் கேஸும் எனக்கு வருது. நீங்க தெரிஞ்சேதான் அனுப்புறீங்க.”

“வேலைக்கு வந்தா வேலை செய்யறதுதான். இதுக்குப் பேரு புகாரா?”

“புகார் இல்ல மேடம். சார் கை நடுங்குது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்க பேங்குக்குப் போயிருந்தப்ப சாரே ஒரு பேஷண்ட்ட உக்கார வெச்சுட்டாரு. நான் போய் ஃபோன் வந்திருக்குன்னு பொய் சொல்லி வெளிய அனுப்புனேன். எத்தன நாளைக்குப் பொய் சொல்றது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்று வந்த பெண். இவர் பல் பிடுங்க ஆரம்பித்தபோது பால்பல்கூட விழுந்திருக்காது அவளுக்கு.

“அவரு கைராசி இந்த ஊருக்கே தெரியும். நீ ஒண்ணும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.”

“கைராசிய நான் குறை சொல்லல மேடம். என் கையப் புடிச்சு ரூட் கேனால் சொல்லிக் குடுத்தவரு அவருதான். நீங்க சார்ட்ட பேசலன்னா நான் இந்த மாசத்தோட நின்னுக்கறேன். யாராச்சும் ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கருவிகளைக் கொதிகலத்தில் அடுக்கினாள். நல்ல திமிர்.

அவள் எழுதவைத்துவிட்டாள், ஆகவே எழுதுகிறேன். ஆடியிலிருந்தே தெரியும். முதலில் பேனா பிடிக்கும்போது. அப்புறம் சட்டைப் பொத்தான். தம்ளர் மேல் ஒரு குறையும் இல்லை.

மார்ச் 26, புதன்

பொள்ளாச்சியில் சித்தி மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் ரெனிட்டா என்று ஒருவர் இருக்கிறார். எங்களை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்துப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் டோக்கனைத் தூக்கிப் போட்டாள். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படியா நடத்துவார்கள் வலியோடு வருகிறவர்களை? பெயரை ‘வி. மணி’ என்று மட்டும் கொடுத்தேன்.

ரெனிட்டாவுக்கு நாற்பது இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கேமராவை உள்ளே விட்டு டிவியில் போட்டார். என் பல்லே பெரிதாக எதிரே நின்றது. வெள்ளைக் கேப், அதன் அடியில் கறுப்பாக ஒரு கோடு.

“இந்தக் கேப் எங்க போட்டீங்க?”

“திருப்பூர்ல. ஒரு… சின்ன கிளினிக்.”

“எப்ப?”

“தீபாவளி சமயத்துல.”

“ஆறு மாசத்துல இந்த நெலமையா?” என்று உதட்டைப் பிதுக்கினார். “பாருங்க, கேப்போட ஓரம் பல்லோட ஒட்டவே இல்ல. இந்த இடைவெளில நகமே போகும். சாப்பாடு உள்ள போய், அடியில சொத்தையாகி, நரம்பு வரைக்கும் போயிருச்சு. பல்ல செதுக்குனதே ஏத்த எறக்கமா இருக்கு. யாரோ கத்துக்குட்டி கை.”

நான் டிவியில் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்தேன்.

“இல்லன்னா வயசாகிக் கை நிக்காத ஆளு. சில பேரு விட மாட்டாங்க பாருங்க, பேரு இருக்குன்னு. அங்க இனிமே போகாதீங்க.”

கேட்டேனே இதை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து எகத்தாளம் பேசுகிறவள், என் வாயைப் பார்த்து இன்னொருத்தி எகத்தாளம் பேசுவதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ‘அம்மா, அந்தக் கை பிடுங்கின ஞானப்பல்லுக்கு ஊசி போட்ட வலிகூடத் தெரியாது என்று மூணாறிலிருந்து ஆள் வந்த காலம் உண்டு’ என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அவருடைய குட்டிக் கண்ணாடி இருந்தது. அது ஒரு சாக்கு. கண்ணாடி இல்லாதபோதும் சொல்லவில்லை.

கேப்பைக் கழற்றி, நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிக சிமெண்டால் அடைத்தார். இன்னும் இரண்டு மூன்று தரம் வர வேண்டுமாம். ஊசி போட்ட இடம் தெரியவே இல்லை. சுத்தமான வேலை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கழற்றிய கேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் பொள்ளாச்சி எல்லையைத் தாண்டியதும் ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

வலி இல்லை. வாயைத் திறக்காமல் பேசப் பழகுகிறேன். சாதாரணமாகவே நான் குறைத்துப் பேசினால் நல்லது என்று இவர் சொல்வார்.

மார்ச் 31, திங்கள்

தஸ்லீமா வேலையை விட்டு நிற்கவில்லை. கேட்டதற்கு, “இன்னும் ஒரு வாரம் பாக்கறேன் மேடம்” என்றாள். ரமலானுக்குப் பிரியாணி அனுப்பியிருந்தாள். ஒரு பக்கமாக மென்று சாப்பிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

எங்களுக்கு எதிர்வரிசையில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ஊர் ஊராகக் கிளை உள்ள கூட்டம். கண்ணாடிக் கதவு, பலூன், செண்டைமேளம். வாசலில் ஒரு ஆளுக்குப் பல் வேடம் போட்டு ஆடவிட்டிருந்தார்கள். பங்குனி வெயிலில் பஞ்சு மெத்தைபோல வெள்ளைப் பல், கீழே இரண்டு வேராக அவன் கால். ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று இளநீர்க் கடைப் பக்கம் ஓடி, பல்லின் மண்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இளநீரை அண்ணாந்து குடித்தான். அங்கே நின்ற மாடு ஒன்று அந்த மண்டையை முகர்ந்து பார்த்து ஒரு கடி கடித்தது.

இவரும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். “மொத நாளே சொத்தை விழுந்திருச்சுங்க” என்றேன். எனக்கே அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனையோ நாளுக்கப்புறம்.

இவர் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

“உள்ள வா” என்றார்.

மத்தியான இடைவேளை. தஸ்லீமா பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைச் சேரில் உட்காரவைத்து, கையுறை போட்டு, விளக்கை இழுத்தார். கண்ணாடியை உள்ளே விட்டார். அதன் விளிம்பு என் முன்பல்லில் டிக் டிக் டிக் என்று பட்டது.

“யாரு?”

கண்ணாடியை எடுத்தார், நான் பேசுவதற்காக.

“பொள்ளாச்சில ஒரு அம்மாங்க.”

“நான் போட்ட கேப் எங்க?”

“எடுத்துட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“மணி.”

“ஓரம் ஒட்டலையாமுங்க. அடியில சொத்தை.”

விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார். அப்புறம், “நரம்பு எடுத்தாச்சு. ஊசி வேண்டியதில்ல. இந்த சிமெண்ட எடுத்துட்டு நானே முடிக்கறேன். பெருசாத் தொற” என்றார்.

எழுந்து போயிருக்கலாம். பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசை. பயந்துதான் உட்கார்ந்திருந்தேன். தங்கமுத்துவின் நாக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தஸ்லீமா சொல்லலாம், ரெனிட்டா சொல்லலாம், ஊர் சொல்லலாம். என் வாயால் நான் சொல்ல மாட்டேன். பெரிதாகத் திறந்தேன்.

காலால் மிதியை அழுத்தினார். அந்தச் சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே இருந்து கேட்டவள் நான். கதவுக்கு உள்ளே அது வேறு சத்தம். மெஷின் உதட்டுக்கு அருகில் வந்தது. நுனி ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. தண்ணீர் என் கன்னத்திலும் கழுத்திலும் தெறித்தது. அவர் நெற்றி முழுக்க வியர்வை. என் கண்ணைப் பார்த்தார். நான் மூடவில்லை, கண்ணையும், வாயையும்.

சத்தம் நின்றது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

“எப்பருந்து தெரியும் உனக்கு?”

“உங்களுக்கு எப்பருந்துங்க தெரியும்?”

மெஷினை அதன் இடத்தில் மாட்டினார். மாட்டுவதற்கே இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது.

“நீ ஏன் வேண்டாம்னு சொல்லல? உன்ர நாக்கக் கிழிச்சிருப்பேன்.”

“கிழிச்சா கிழிச்சுட்டுப் போங்க. ஊருல பாதிப் பேரு அத வேணும்னுதான் சொல்லுவாங்க.”

அதற்கு ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு மாதிரி ஆரம்பித்து வேறு என்னவோவாக முடிந்தது. அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு, பின்னறைக் கதவைப் பார்த்து, “தஸ்லீமா, சாப்ட்டுட்டு வாம்மா. இந்த அம்மா கேஸ இனி நீ பாரு” என்றார், யாரோ முன்பின் தெரியாத பேஷண்ட்டைச் சொல்வதுபோல. போய்க் கை கழுவினார். அவ்வளவு நேரம் யாரும் கை கழுவ மாட்டார்கள்.

ஏப்ரல் 5, சனி

சனிக்கிழமை, ஆனாலும் மூடிவிட்டோம். வாசலில் வந்து திட்டினவர்கள் எல்லாரும் எதிர்வரிசைக்குப் போனார்கள். போகட்டும். பலூன் கிடைக்கும்.

ஏப்ரல் 9, புதன்

கோயம்புத்தூர். நரம்பு டாக்டர். ஒரு காகிதத்தைக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னார். இவ்வளவு படித்தவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதைக் கொடுக்கிறார். இவர் வரைந்தார். முறுக்குப் பிழியத் தெரியாதவள் பிழிந்த முறுக்கு மாதிரி இருந்தது.

“பேனா சரியில்லீங்க” என்றேன்.

டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்துக் கொடுத்தார். இவர் மறுபடி வரைந்தார். அதன்பிறகு நான் பேனாவைப் பற்றிப் பேசவில்லை.

நடுக்குவாதம் இல்லையாம். வேலை செய்யும்போது மட்டும் கை நடுங்குகிற வேறொரு நோயாம், சில குடும்பங்களில் வருமாம். மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் குறையும்.

“உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்ல சார்” என்றார்.

“ஒரு வாய்க்குள்ள மெஷின் வைக்கலாமுங்களா?” என்று இவர் கேட்டார்.

அவர் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

திரும்பும் வழியில் காரில், “அப்பாவும் தம்ளர ரெண்டு கைலதான் புடிப்பாரு. கெழவருக்குக் குளிருதுன்னு நெனச்சுட்டிருந்தோம்” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்றாலைகள் சுற்றுவதை இதற்குமுன் பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் பழக்கம் கிடையாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. மாம்பழப் பச்சடியில் வேப்பம்பூ அதிகம். நான்தான் போட்டேன்.

சாப்பிட்டதும் சண்டை. போன ஆடியிலிருந்து தான் கேப் போட்டவர்கள், சொத்தை அடைத்தவர்கள் எல்லாரையும் திரும்ப வரவழைத்துத் தஸ்லீமாவை விட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறாராம். தப்பாக இருப்பதை எல்லாம் சும்மாவே மாற்றிக் கொடுக்கப் போகிறாராம்.

“உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நாமளே போன் பண்ணி, நாங்க கெடுத்துட்டோம் வாங்கன்னு சொல்றதா? எதிர்ல பலூன் கட்டி வெச்சு ஒக்காந்திருக்கறான்!”

“பின்ன? அவுங்கெல்லாம் உன்ன மாதிரி கிராம்பக் கடிச்சுட்டு ஒக்காரட்டுமா?”

கிராம்பு இவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை.

“பேரு போயிருமுங்க.”

“போனாப் போகுது மணி. உன்ர பல்லு மாதிரி எத்தன பல்லு இருக்குதோ. அதத்தான் என்னால நெனைக்க முடியல.”

சரி, போன் செய்வதை நானே செய்கிறேன் என்றேன். இவர் பேசினால் அழுதுவிடுவார். ஊர் முன்னால் அழுகிற டாக்டரை வேறு பார்த்துத் தொலைக்க வேண்டுமா?

ஏப்ரல் 22, செவ்வாய்

வருகிறார்கள். பத்தில் மூன்று பேருக்குக் குறை ஒன்றுமே இல்லை, சும்மா கிடைக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு அம்மாள், கேப் நன்றாக இருக்கிறது என்று தஸ்லீமா சொன்னதற்கு ஏமாந்துபோனார். இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டு எதிரே போனார்கள். ஒருவர் வக்கீலைப் பார்ப்பேன் என்றார். பார்க்கட்டும், அவருக்கும் உரிமை இருக்கிறது என்று இவர் சொல்கிறார். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

தங்கமுத்து வந்தார். இவர் எழுந்து நின்று, “அன்னைக்கு உங்க மேல தப்பில்லீங்க. என் கை நடுங்கிருச்சு. மன்னிச்சுக்குங்க” என்றார். தங்கமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்டித் துண்டை எடுத்துத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நாந்தானுங்க தலைய ஆட்டிப்போட்டேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி” என்றார்.

அந்த ஆளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. முகம் முழுக்கத் தெரிகிறது. நான் டோக்கன் அடுக்குவதற்காகக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

இவருக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. மெஷினை விட்டதிலிருந்து வாயைப் பிடித்துக்கொண்டுவிட்டார். பேச்சு. வருகிற ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, பொம்மைப் பல்லைக் காட்டி, மெத்தென்ற பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, ஈற்றோரத்தில் எப்படி மெதுவாகச் சுழற்றுவது, பல்லிடுக்கில் நூல் எப்படி விடுவது என்று கதாகாலட்சேபம். பொம்மையும் அவர் கையில் சேர்ந்து ஆடுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. ராத்திரி விளக்காமல் படுப்பவர்களைக் கோபித்துக்கொள்கிறார். ஆட்கள் பயபக்தியோடு கேட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம், “டாக்டரு என்னங்க இவ்வளவு பேசறாரு?” என்கிறார்கள்.

முன்பெல்லாம் வாயைத் திற, மூடு, துப்பு. மூன்றே சொல். அந்தக் காலமே மேல்.

மே 2, வெள்ளி

இன்று எனக்குக் கேப். தஸ்லீமா பல்லைச் செதுக்கினது, அளவெடுத்தது எல்லாம் போன வாரம். கேமராவில் போட்டு ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். இவர் டிவிக்கு அருகே போய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பின்பக்கம் ஒரு நூலளவு எறக்கிருக்கலாம்” என்றார். அவள், “இல்ல சார், ஈறு அங்க இருக்கு” என்றாள். மறுபடி பார்த்தார். “ஆமா” என்றார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் என்ன? நானும் சொல்லவில்லை.

சிமெண்ட் வைக்கும் நேரத்தில் தஸ்லீமா, “சார், சக்ஷன் புடிக்கறீங்களா? ரேவதி இன்னைக்கு லீவு” என்றாள். உதவிக்கு இருக்கும் ரேவதியைக் காலையில் உள்ளே விட்டதே நான்தான். பின்னறையில் அவள் தும்முகிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரிகிற ஆள் இந்தக் கிளினிக்கில் நான் ஒருத்திதான்.

இவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு என் இடப்பக்கம் வந்து நின்றார். எச்சிலை உறிஞ்சும் குழாயை எடுத்து என் வாயோரத்தில் வைத்தார். அது கீழுதட்டில் படபடவென்று தட்டியது. நான் வாயைத் திறந்தபடியே ‘ஆ’ என்று ஏதோ சொன்னேன்.

“என்ன, கெட்டியாப் புடிக்கச் சொல்றியா?”

தலையாட்டினேன்.

கெட்டியாகப் பிடித்தார். அப்படியும் அது உதட்டில் தட்டிக்கொண்டேதான் இருந்தது. தஸ்லீமா எங்கள் இருவரையும் பார்க்காமல் தன் வேலையைச் செய்தாள். நான் இன்னொரு தரம் சொல்லவில்லை. வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துகொண்டேன்.